மூத்தோர் விழாதிருக்க

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

இம்மேடையில் ஏறுவோர் பெரும்பாலும் உயர்ந்த விடயங்களைப் பற்றியே பேசுவர். மொழியின் உயர்வு, கலையின் உயர்வு, சமுதாயத்தின் உயர்வு என்று உயர்வுகளைக் கேட்டுப் பழகிய இச்சபையில் நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ மிகவும் தாழ்ந்த ஓரிடத்தைப் பற்றியது. அதுதான் நம் காலடியிலுள்ள தரை. வயது முதிர்ந்தவர்கள் அத்தரையில் ஏன் விழுகின்றார்கள், விழாமற் காக்க வழியுண்டா, விழுந்துவிட்டால் என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளுக்கும் எமக்கு எட்டிய அளவில் விடை கூற முயல்வோம்.

குழந்தை விழுந்தால் தூக்கி முத்தமிடுகின்றோம். வாலிபன் விழுந்தால் கூட்டாளிகள் சிரிக்கின்றார்கள். அவனும் மண்ணைத் தட்டிவிட்டுச் சேர்ந்து சிரிக்கின்றான். ஆனால் எழுபது வயதுப் பாட்டி விழுந்தால், அன்று தொடக்கம் அவ்வீட்டின் ஒழுங்கே மாறிவிடுகின்றது. அவர் பாயோடு பாயாகின்றார். மகள் வேலையை விட்டு நிற்கின்றாள். பேரப்பிள்ளை ரியூசனுக்குப் போவது நின்றுபோகின்றது. வீழ்ச்சி ஒருவருடையது, அதன் பாரம் குடும்பம் முழுவதினுடையது. ஆதலால் இது முதியோர் மாத்திரம் கேட்க வேண்டிய பேச்சு அன்று.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இலங்கைத் தமிழ் மக்கள் தந்தை என்று அழைத்த திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களை இங்கு நினைவுகூருதல் பொருந்தும். பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்கு நோயினால் பல ஆண்டுகள் உடல் நலிந்திருந்த அப்பெரியார், 1977ஆம் ஆண்டு தம் வீட்டிலே விழுந்தார். அவ்வீழ்ச்சியிலிருந்து அவர் மீளவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தமது 79ஆவது வயதில் காலமானார். எத்தனையோ மேடைகளையும் ஊர்வலங்களையும் கண்டவரைப் பழகிய வீட்டுத் தரையே வீழ்த்திற்று. முதியோரில் அநேகர் விழுவது மலையுச்சியிலோ மரக்கிளையிலோ அன்று. தாம் நாள்தோறும் நடமாடும் வீட்டினுள்ளேயும் முற்றத்திலேயுமே விழுகின்றார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பார்ப்போம். 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டுக்கு ஒரு தடவையேனும் விழுகின்றார்கள் என்று அந்நிறுவனம் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. எழுபதைக் கடந்தால் அது 32 முதல் 42 ஆக உயர்கின்றது. 2021ஆம் ஆண்டில் அது வெளியிட்ட மதிப்பீட்டின்படி, எல்லா வயதினரையும் சேர்த்து, உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கின்றார்கள். விபத்து மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் வீழ்ச்சிக்கே. இறப்போரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் நம்முடையதைப் போன்ற நடுத்தர, வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டிலோ முதியோர் தொகை பெருகி வருகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நூறு பேரில் பன்னிருவர் அறுபதைக் கடந்திருந்தனர். வாலிபர் தொழில் தேடிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் போக, வீட்டிலே முதியோர் தனித்திருப்பதை நாம் எல்லோரும் காண்கின்றோம்.

"வயது போனால் விழத்தான் செய்யும், அது விதி" என்று சொல்லுவோர் பலர். இக்கூற்று உண்மையா?

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி ரினெற்றி என்னும் வைத்தியரும் அவருடன் சேர்ந்தோரும் இக்கேள்வியை ஆராய்ந்தார்கள். தத்தம் வீடுகளில் வாழ்ந்த, 75 வயதும் அதற்கு மேலுமான 336 பேரை ஓராண்டு காலம் கவனித்து, 1988ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 32 பேர் விழுந்திருந்தனர். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் விழவில்லை. தூக்க மருந்து உட்கொள்ளுதல், கால்களின் பலவீனம், நடையிலும் சமநிலையிலும் தளர்ச்சி, பாத நோய், நினைவுத் தடுமாற்றம் முதலிய குறைகளில் ஒன்றுமே இல்லாதவரில் நூற்றுக்கு 8 பேரே விழுந்தனர். நான்கும் அதற்கு மேலும் உடையவரில் நூற்றுக்கு 78 பேர் விழுந்தனர்! அனைவரும் முதியோரே, ஆயினும் எட்டுக்கும் எழுபத்தெட்டுக்கும் இடையில் எத்துணை தூரம்! அந்தத் தூரத்தை உண்டாக்கியது வயது மாத்திரம் அன்று. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த சிறு சிறு குறைகளே.

சேர்ந்தவற்றைக் குறைக்கலாம் அன்றோ? அதே குழுவினர் 1994ஆம் ஆண்டில் அதையும் காட்டினார்கள். மருந்துகளைத் திருத்தி, நடைக்கும் பலத்துக்கும் பயிற்சி தந்து, வீட்டையும் சீர் செய்தபோது ஓராண்டில் நூற்றுக்கு 35 பேர் விழுந்தனர். அவ்வாறு செய்யப்படாதவரில் 47 பேர் விழுந்தனர். வீழ்ச்சி முற்றாக நீங்கவில்லை. ஆயினும் நூறு பேரில் பன்னிரண்டு பேர் விழாமல் நின்றார்களென்றால், அப்பன்னிருவரில் ஒருவர் நம் தாயாராக இருக்கலாம் அல்லவா?

இனி, இக்குறைகள் யாவை என்று பார்ப்போம். சில உடலில் உள்ளவை; சில வீட்டில் உள்ளவை.

உடலில் முதலாவது கால் பலம். பயன்படுத்தாத தசை வயதோடு விரைந்து கரைகின்றது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவருக்கு, கல் தடுக்கும்போது அடுத்த காலை விரைவாக முன்வைத்துத் தம்மைத் தாங்கிக்கொள்ளவும் முடியாது.

இரண்டாவது கண். கண்ணிலே வெண்படலம் வளரும்போது படியின் விளிம்பு தெரியாது. இங்கிலாந்தில் எழுபது வயதைக் கடந்த பெண்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதலாவது கண்ணின் படலத்தைச் சத்திரசிகிச்சையால் காலந்தாழ்த்தாது நீக்கியதும் வீழ்ச்சி மூன்றிலொரு பங்கு குறைந்ததாம். மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்பதற்குமாக இரட்டை வில்லையுள்ள மூக்குக் கண்ணாடி அணிவோர் படியிறங்கும்போது கீழ் வில்லையினூடாகப் பார்க்கின்றனர். படி மங்கித் தோன்றும். படியில் அவர்கள் மிகவும் கவனமாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது இரத்த அழுத்தம். படுத்திருந்தவர் திடீரென எழும்போது இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்லும் அளவு குறைகின்றது. இளைஞரின் உடல் நொடிப்பொழுதில் அதைச் சரிசெய்துகொள்ளும். முதியவரின் உடல் தாமதிக்கும். கண் இருண்டு தலை சுற்றும். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அலகு இறங்கினால் அதை ஒரு நோய்க்குறியாகவே வைத்தியர்கள் கொள்வர். பரிகாரம் எளிது: விழித்ததும் கட்டிலில் உட்கார்ந்து, கால்களைச் சற்று ஆட்டி, நூறு எண்ணிவிட்டு எழுதல் வேண்டும்.

நான்காவது, சொல்லப்போனால் நம்மிற் பலர் எண்ணியும் பாராதது, மருந்து. தூக்க மாத்திரை, மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரை, அழுத்த மாத்திரை, நீரிழிவு மருந்து எனப் பல சேரும்போது தள்ளாட்டமும் சேரும். அதன்மேல் சாராயமும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறோர் ஆபத்து. ஆங்கில மருந்தோ நாட்டு மருந்தோ, உட்கொள்ளும் அனைத்தையும் ஒரு பையிலிட்டு வைத்தியரிடம் காட்டி, "இவற்றுள் எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள்.

ஐந்தாவது பாதம். நீரிழிவு நோய் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் கெடுக்கும். தரை ஈரமா, சரிவா என்பதைக் கால் மூளைக்கு அறிவியாது. இந்நோய் பெருகிவிட்ட நம் நாட்டில் இதைச் சிறிதாகக் கொள்ளலாகாது.

இனி வீட்டுக்கு வருவோம். மேனாட்டு நூல்களில் தரைவிரிப்புப் பற்றியும் குளியல் தொட்டி பற்றியும் நிறைய எழுதியிருக்கின்றார்கள். மாத்தளை மாவட்டத்து வீட்டுக்கு அவை பொருந்தா. நம் நிலம் வேறு. நம் வீடு வேறு.

நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள். வழியிலே வீழ்ந்து மாண்டவர் எண்ணற்றோர். வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தவை மலைச்சரிவில் வரிசையாகக் கட்டப்பட்ட லயங்கள். இறத்தோட்டைப் பக்கத்திலும் எல்கடுவைப் பக்கத்திலும் இன்றும் அவற்றில் குடியிருப்போர் உண்டு. லயத்தின் வாசலைத் தாண்டினால் கான். கானைத் தாண்டினால் கற்படி. ஒரு படி உயரம், மறுபடி தாழ்வு. மழைக்காலத்திலே அவற்றின்மேற் பாசி படரும். பீலிக்குப் போகும் வழியும் மலசலகூடத்துக்குப் போகும் வழியும் அப்படிகளே. முதியவருக்கு இரவில் இரண்டு மூன்று தடவை எழ நேரும். இருட்டு, மழை, பாசி, தூக்கக் கலக்கம், தேய்ந்த இறப்பர்ச் செருப்பு ஆகிய ஐந்தும் ஒருங்கே கூடும் அந்த நேரத்தில் அவர் விழாதிருப்பதே வியப்பு!

நகரத்து வீடுகளில் வேறு கண்ணிகள் உண்டு. வழுவழுப்பான மாபிள் தரையிலே சோப்பு நீர். குளியலறைக்கும் அறைக்கும் இடையே அரை அடி உயர நிலைப்படி. சமையலறையிலே சிந்திய எண்ணெய். நடைபாதையிலே குறுக்காகக் கிடக்கும் மின்வயர். எட்டாத தட்டிலே வைத்த மிளகாய்த்தூள் போத்தல், அதை எடுக்க ஏறும் ஆட்டங்கண்ட முக்காலி. கீழே இழுபடும் சேலைக் கரையும் சாரத்து நுனியும் கூடக் காலை வாரிவிடும்.

ஆலயத்தையும் இங்கு சொல்லாது விடுதல் ஆகாது. அபிஷேக நீர் வழிந்த கற்றரையும் விளக்கெண்ணெய் சிந்திய பிராகாரமும் கால் வழுக்கும் இடங்கள். மாசி மகத்தில் நம் முத்துமாரியம்மன் ஆலயத்துப் பஞ்சரதங்களும் வீதியுலா வரும்போது கூடும் சன நெருக்கத்தில், முதியவர் ஒருவர் தள்ளுண்டு விழுதல் மிக எளிது. ஈரத்தைத் துடைப்பதும், அவர்கள் நின்று தரிசிக்கக் கயிறு கட்டி ஓரிடம் ஒதுக்குவதும் தொண்டர்கள் ஆற்றவேண்டிய பணி.

நண்பர்களே, இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். முதியோரை விழச்செய்யும் காரணங்களுள் ஒன்று நம் அன்பு!

"அப்பாயி, நீங்க சும்மா இருங்க, நான் எடுத்தாறேன்." "தாத்தா, வெளியில போகாதீங்க, விழுந்திருவீங்க." இச்சொற்கள் ஒலிக்காத வீடு உண்டா? சொல்பவர் பாசத்தோடுதான் சொல்லுகின்றார். ஆனால் விளைவு யாது? உட்கார்ந்திருப்பவரின் கால் மேலும் மெலிகின்றது. மெலிந்த காலோடு எழும்போது தள்ளாடுகின்றார். தள்ளாடியதைக் கண்டு நாம் இன்னும் கண்டிப்பாக உட்காரச் சொல்லுகின்றோம். அவருள்ளும் அச்சம் புகுகின்றது. அச்சத்தால் நடையைக் குறைக்கின்றார். நடை குறைந்ததால் மேலும் விழுகின்றார். செக்குமாடு போல இது சுற்றிக்கொண்டே போகும்.

இதிலிருந்து பிறப்பது இன்னொரு தீங்கு: மறைத்தல். விழுந்ததைச் சொன்னால் கோயிலுக்கும் கடைக்கும் போகவிட மாட்டார்கள் என்று அஞ்சி, முதியவர் வாய் திறப்பதில்லை. முழங்கைக் காயத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கின்றார். ஒரு தடவை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு மிகுதி. எனவே முதல் வீழ்ச்சியே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மணி. அம்மணியின் நாவை நம் கண்டிப்பே கட்டிவிடுகின்றது. தொண்ணூறு கல்படி ஏறி இறங்கி, முதுகிலே கூடை சுமந்து கொழுந்தெடுத்த ஒரு தாயை, ஒரு கதிரையிலே சிறைவைத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயரிடலாமா?

அப்படியானால் அவர்களைக் கவனியாது விட்டுவிடுவதா? இல்லை. நடக்காதே என்பதை விடுத்து, நடக்கப் பலம் கொடுப்பதே செய்யத்தக்கது. நியூசிலாந்து நாட்டு ஒற்றாகோ பல்கலைக்கழகத்தார் எண்பது வயதும் அதற்கு மேலுமான 233 பெண்களிடையே இதைச் செய்து பார்த்து, 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பாதியினருக்கு வீட்டிலேயே செய்யத்தக்க கால் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஓராண்டில் பயிற்சி பெறாதவரிடையே 152 வீழ்ச்சிகள். பயிற்சி பெற்றவரிடையே 88. எண்பது வயதுக்கு மேல்! பின்னர் உலகின் பல பாகங்களிலும் நடந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை 2019ஆம் ஆண்டில் ஒருங்கு சேர்த்து ஆராய்ந்தோர், உடற்பயிற்சி வீழ்ச்சிகளை ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைக்கின்றது என்று உறுதிப்படுத்தினர்.

அப்பயிற்சிக்கு யந்திரம் வேண்டியதில்லை. உறுதியான ஒரு கதிரையும் மேசையும் போதும். கதிரையிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருதல் பத்துத் தடவை. மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி விரல்நுனியில் நிற்றல் பத்துத் தடவை. மேசையோரமாகப் பக்கவாட்டில் நடத்தல். ஒரு பாதத்தின் குதியை மறுபாதத்தின் விரலோடு சேர்த்துவைத்து, கோட்டிலே நடப்பதுபோல் நடத்தல். ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நிற்றல். பிடித்துக்கொள்ள ஏதாவது அருகில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் பக்கத்தில் ஓர் ஆளும் நிற்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் அரை மணி நேரம் செய்து, மற்ற நாள்களில் இயன்றளவு நடந்தால் சில மாதங்களில் பயன் தெரியும். நெஞ்சு நோவோ கடும் மூட்டு வாதமோ உள்ளவர் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஒருவரின் நிலையை அறிய எளிய சோதனையொன்று உண்டு. கதிரையிலிருந்து எழுந்து, பத்தடி தூரம் வழக்கமான நடையில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் விழக்கூடியவர் என்று கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இத்தனை செய்தும் ஒருவர் விழுந்துவிட்டால்? பதறித் தூக்காதீர்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள். எங்கே நோகின்றது என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதிலும் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அக்காலை இழுப்பதும் எண்ணெய் பூசி உருவுவதும் பெருந்தீங்கு. நாட்டு முறிவு வைத்தியரை நாம் இழிவாகப் பேசவில்லை. ஆனால் இடுப்பு முறிவுக்கு எக்ஸ்ரேயும், பெரும்பாலும் சத்திரசிகிச்சையும் வேண்டும். அதுவும் ஓரிரு நாளுக்குள் வேண்டும். அம்முறிவுக்குள்ளான முதியோரில் ஏறக்குறைய ஐந்திலொருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகின்றனர் என்பதை நினைவில் வைத்தால் தாமதத்தின் விலை விளங்கும். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். அதுவரை உணவோ பானமோ கொடாது, போர்வையால் மூடி, அருகிலிருந்து தைரியம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்கே கொண்டு செல்லுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்பவரானால் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.

தனித்திருப்பவர் விழுந்து, எழ முடியாமல் நெடுநேரம் கிடப்பது எல்லாவற்றிலும் கொடியது. தசை நசிந்து, நீர் வற்றி, குளிர் ஏறி, எலும்பு முறியாதவரும் அதனால் மடிவதுண்டு. காலையும் மாலையும் ஒரு குரல் "ஆச்சி, எப்படி இருக்கீங்க?" என்று வாசலிலே கேட்குமானால், அதுவே ஓர் உயிரைக் காக்கும்.

பெரியோர்களே, உங்களிடம் எமக்கொரு விண்ணப்பம். கைத்தடியை வெட்கமென்று எண்ணாதீர்கள். மலைப்பாதையிலே வாலிபனும் கம்பூன்றித்தான் ஏறுகின்றான். விழுந்தால் எம்மிடம் சொல்லுங்கள். நாம் உங்களைப் பூட்டிவைக்க மாட்டோம் என்று இச்சபையிலே வாக்களிக்கின்றோம்.

வாலிபர்களே, உங்களிடம் வேண்டுவன மூன்று. முதலாவது, நம் சங்கத்தின் சிரமதான நாள்களில் ஒன்றை இதற்கென ஒதுக்குவோம். கம்பித் தூரிகையாற் படிப் பாசியைத் தேய்ப்போம். தளர்ந்த கல்லைச் சீமெந்து இட்டு இறுக்குவோம். படியோரத்தில் மூங்கிலிலாவது ஒரு கைபிடி நாட்டுவோம். படி விளிம்பிலே வெள்ளைப் பூச்சால் ஒரு கோடு இழுப்போம். மலசலகூடத்து வழியிலே ஒரு மின்குமிழ் பொருத்துவோம்; தலைமாட்டிலே ஒரு டோர்ச் வைப்போம். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் வைத்தியசாலைப் போக்குவரத்துச் செலவை விடக் குறைவு. ஆனால் ஒன்று: அவ்வீட்டு முதியவரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடுதான் எதையும் மாற்ற வேண்டும். பழகிய இடத்திலிருந்த கட்டிலைக் கேளாமல் நகர்த்தினால் அதுவே இருட்டில் புதிய தடை.

இரண்டாவது, கண் மங்கியவர்களை அரசினர் வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்வோம். பஸ் ஏற்றி, வரிசையில் நின்று, இலக்கம் எடுத்து, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஆளில்லாமையாலேயே பலர் படலத்தோடு வாழ்கின்றார்கள்.

மூன்றாவது, சங்க மண்டபத்திலே கிழமைக்கு ஒரு மாலை முதியோர் பயிற்சி வகுப்பொன்றை ஆரம்பிப்போம். கதிரைகள் இருக்கின்றன, இடமும் இருக்கின்றது. வைத்தியசாலையின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரை ஒரு நாள் அழைத்து முறைகளைக் கற்றுக்கொண்டால் பின்னர் நாமே நடத்தலாம். பயிற்சி முடிந்ததும் ஒரு கோப்பைத் தேநீரும் பழங்கதையும் இருந்தால், வராதவரும் வருவார்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் வழியே தேசிய முதியோர் சபை அமைந்தது. அக்டோபர் முதலாம் நாளை முதியோர் தினமாகவும் கொண்டாடுகின்றோம். சட்டம் இருக்கட்டும், தினமும் இருக்கட்டும். ஆனால் எந்தச் சட்டமும் மழை இரவிலே வந்து பாசிப் படியைத் தேய்க்காது. அது அடுத்த வீட்டு வாலிபனால் ஆகும் காரியம்.

இப்பேச்சைக் கேட்டவர்கள் இன்று வீடு திரும்பியதும் ஒரேயொரு வேலை செய்தாற் போதும். தாய் தந்தையர் படுக்கும் இடத்திலிருந்து மலசலகூடம் வரை, விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் அணியும் செருப்பை அணிந்து, ஒரு தடவை நடந்து பாருங்கள். எங்கே கால் தயங்குகின்றதோ அங்கே நாளைக் காலை வேலையைத் தொடங்குங்கள்.